துக்கத்துக்குப் போன இரவில் எங்களை ஏற்றிப்போன மத்தூர் வேன்

இருமுடி சீசன் நெருங்குகிறது. வாரத்துக்கு இரண்டு பேராவது கடைக்கு வந்து, "மேல்மருவத்தூருக்கு எந்த வண்டி சொல்லலாம் சக்தி?" என்று கேட்கிறார்கள். (பக்தர்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் 'சக்தி' என்றுதான் கூப்பிடுவோம்.) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரு முறை விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் போச்சம்பள்ளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். 19 வருடமாக மேல்மருவத்தூர் போய்வருகிறேன். பஸ்ஸில் போயிருக்கிறேன், ரயிலில் போயிருக்கிறேன், பல வேன்களிலும் போயிருக்கிறேன். இதில் நான் சொல்லப்போவது மத்தூர் தம்பி ஒருவரின் 17 சீட் டெம்போ டிராவலர் பற்றி. அவரே ஓனர், அவரே டிரைவர். பெயரும் நம்பரும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. வேண்டியவர்கள் கடைக்கு வந்தால் தருகிறேன்.

இந்த வண்டியில் முதன்முதலில் ஏறியது 2023 அக்டோபர் 19 இரவு. அம்மா மறைந்த நாள்.

மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்தை உருவாக்கிய பங்காரு அடிகளார் எங்களுக்கு 'அம்மா'தான். ஆதிபராசக்தியே அவர் வழியாகப் பேசினாள் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் வாயில் வேறு சொல் வராது. அன்றைக்கு வியாழக்கிழமை. நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. கொலுவுக்குப் போகும் பெண்களின் ஜாக்கெட் வேலை தலைக்கு மேல் கிடந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் ஊர் ஆதிபராசக்தி வழிபாட்டு மன்றத்தின் செயலாளராக இருக்கும் அம்மா போன் செய்தார். "சக்தி..." என்றவர் அதற்கு மேல் பேசவில்லை, அழுகைதான் கேட்டது. நான் மெஷினில் இருந்து காலை எடுக்காமலே உட்கார்ந்திருந்தேன். ஊசிக்குக் கீழே கிளிப்பச்சைத் துணி பாதித் தையலில் நின்றது. அடிகளாருக்கு 82 வயது, உடம்பும் முடியாமல்தான் இருந்தார். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன.

ஏன் அவ்வளவு துக்கம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் போனபோது எனக்கு 31 வயது. அதற்கு அடுத்த வருடம் என் அக்கா மகளின் வளைகாப்பில், "நீ சமையல்கட்டுப் பக்கம் இருந்துக்கோ" என்றார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, வழக்கம் அப்படி. அந்த வருடம் ஆடிப்பூரத்துக்கு மன்றத்தோடு மேல்மருவத்தூர் போனேன். வரிசையில் வந்த எல்லோரும் தங்கள் கையாலேயே சுயம்புக்குப் பால் ஊற்றினார்கள். என் முறை வந்தபோது தயங்கி நின்றேன். "ஊத்துங்க சக்தி, கையை நீட்டுங்க" என்றார்கள். யாரும் என் நெற்றியைப் பார்க்கவில்லை, தாலியைத் தேடவில்லை, என்ன சாதி என்று கேட்கவில்லை. மாதவிலக்கு நாளா என்றும் அங்கே யாரும் கேட்பதில்லை. பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூஜை செய்யலாம் என்று அம்மா ஆக்கி வைத்த இடம் அது. கையில் அந்தப் பால் வாசனை போகாமல் ஊர் வந்து சேர்ந்தேன். அப்படிப்பட்டவர் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்காமல் எப்படி இருப்பது?

சரி, வண்டிக்கு வருகிறேன்.

வருடா வருடம் இருமுடிக்கு நாங்கள் எடுக்கும் வண்டிக்காரருக்குத்தான் முதலில் போன் போட்டோம். பத்து வருடப் பழக்கம். "இன்னைக்கு ராத்திரி எல்லா மன்றமும் கிளம்புது, வழக்கமான ரேட்டுக்கு வராது" என்று சொல்லி, ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார். அதுவும் முழுப் பணமும் கையில் கொடுத்தால்தான் சாவி போடுவாராம். அவர் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் அன்றைக்கு என்ன கஷ்டமோ. ஆனால் அந்த போனை வைத்தபோது செயலாளர் அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் என் கடைக்கு நூல்கண்டு போடும் பையன் சொல்லித்தான் மத்தூர் தம்பிக்குப் பேசினேன். கிலோமீட்டருக்கு 21 ரூபாய், பேட்டா நாளுக்கு 600, டோல் தனி. "அதே ரேட்டா தம்பி?" என்று இரண்டாம் முறை கேட்டேன். "துக்கத்துக்குப் போறீங்கக்கா. டீசலுக்கு மட்டும் 3,000 குடுங்க, மீதியை வந்து பாத்துக்கலாம்" என்றார். ஒன்பதரைக்கு வருகிறேன் என்றவர் ஒன்பது இருபதுக்கே மன்றத்து வாசலில் நின்றார்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே வெள்ளை, உள்ளே சுத்தம். ஏசி கிடையாது. சீட் உறை துவைத்துப் போட்டது, சோப்பு வாசனை அடித்தது. டூரிஸ்ட் வேன்களில் மேலே ஊதாவும் பச்சையுமாக ஓடும் சீரியல் விளக்கு இதிலும் இருக்கிறது. நாங்கள் ஏறும்போது எரியவில்லை, வழி நெடுக எரியவில்லை, திரும்பி வரும்போதும் எரியவில்லை. பாட்டுப் பெட்டியையும் தொடவில்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை. சிவப்புப் புடவையில் அழுது வீங்கிய முகங்களோடு 16 பேர் ஏறுவதைப் பார்த்தார், விளக்கை அணைத்தார். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

படி உயரம். இது இந்த வண்டியின் பெரிய குறை. எங்களோடு வந்த ஆயாவுக்கு 76 வயது, முட்டிவலி. தம்பி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பலகை முக்காலியை எடுத்துப் போட்டு, தோளைக் கொடுத்து ஏற்றினார். ஏறும்போதும் இறங்கும்போதும் தவறாமல் அந்த முக்காலி வந்தது. இருந்தாலும் படியை ஒரு அடி இறக்கி வைத்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் செய்யவில்லை.

கிளம்பும் முன் எங்களில் ஒரு சின்னப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு இன்னைக்கு ரெண்டாவது நாள்க்கா, நான் வரலாமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லும் முன் பின்னாலிருந்து ஆயா சொன்னாள்: "அந்தக் கேள்வியே வேண்டாம்னுதானே அம்மா இவ்வளவு வருசம் சொன்னாரு. ஏறு." அவளுக்காக இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. இதைப் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தத் தம்பியிடம் நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்பதில்லை, முகம் சுளிப்பதில்லை. திருவண்ணாமலை பைபாஸில் டீ குடிக்க நிறுத்திய கடையில் கழிப்பறைப் பூட்டுக்குச் சாவி இல்லை என்றார்கள். இடத்தை அவர் முன்னாலேயே விசாரித்திருக்க வேண்டும், அது குறைதான். ஆனால் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே வண்டியை எடுத்தார். செஞ்சிக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, அவரே போய்த் தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எங்களை இறங்கச் சொன்னார்.

வழி மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம். திண்டிவனத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் ஏறி அச்சரப்பாக்கம் தாண்டினால் மேல்மருவத்தூர். நிதானமாக ஓட்டுவார். ஊர் வரும் இடமெல்லாம் வேகத்தடை இருக்கிற ரோடு அது, ஒன்றில்கூட எங்களைத் தூக்கிப் போடவில்லை. ஆனால் கடைசி வரிசை சக்கரத்துக்கு மேலே இருப்பதால் இடுப்பைப் பதம் பார்க்கும். இடது பக்கம் இரண்டாவது ஜன்னல் முழுதாக மூடாது. செங்கம் பக்கம் வந்தபோது மலைக்காற்று உள்ளே புகுந்து நடுங்கிவிட்டோம். துண்டை மடித்து அந்த இடுக்கில் சொருகினோம். போன் சார்ஜ் போட ஒரே ஒரு இடம்தான், அதுவும் டிரைவர் பக்கம்.

வண்டிக்குள் முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. ஊத்தங்கரை தாண்டியதும் செயலாளர் அம்மா மூலமந்திரம் ஆரம்பித்தார், எல்லோரும் சேர்ந்துகொண்டோம். செங்கத்தில் ஆயா கதை சொல்ல ஆரம்பித்தாள். அம்மா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்பது, பால் வடிந்த வேப்பமரம் புயலில் சாய்ந்து அதன் அடியில் சுயம்பு வெளிப்பட்டது என்பது, அந்தக் காலத்தில் கோயில் எவ்வளவு சின்னதாக இருந்தது என்பது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அன்றைக்கு யாரும் தூங்காமல் கேட்டோம். 2019இல் அம்மாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் மன்றத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்து ஊருக்கே கொடுத்தோம். அதைப் பற்றிப் பேச்சு வந்ததும் எல்லோருக்கும் மறுபடி அழுகை வந்துவிட்டது. அம்மாவின் பிறந்தநாளான மார்ச் 3 பெருமங்கல விழாவை இனி எப்படிக் கொண்டாடுவது என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இப்போது சொல்லப்போவது மற்ற மன்றங்களுக்கும் உதவும். கூட்டத்தில் தொலைந்து போவது பற்றி.

எங்களுக்கு எல்லாம் சிவப்பு. அந்த ஊரில் எல்லோருக்கும் சிவப்பு. லட்சக்கணக்கில் சிவப்புப் புடவை நிற்கும் இடத்தில் "சிவப்புப் புடவை கட்டிய பாட்டியைப் பார்த்தீர்களா?" என்று யாரிடம் கேட்பது? ஒரு இருமுடி சீசனில் எங்கள் ஆயாவை மூன்று மணி நேரம் தேடியிருக்கிறோம். அந்த நினைப்பு வந்ததால், கிளம்பும்போது மெஷின் அடியில் கிடந்த கிளிப்பச்சை வெட்டுத் துணியைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நவராத்திரி ஜாக்கெட்டுக்கு வெட்டியதில் மிஞ்சியது. திருவண்ணாமலையில் டீ ஆறும் வரை அதை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஆளுக்கு ஒன்று வலது மணிக்கட்டில் கட்டினேன். பட்டு கலந்த துணி, முடிச்சு வழுக்கியது, இரட்டை முடிச்சாகப் போட்டேன். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் ஒண்ணு குடுங்கக்கா" என்று வாங்கி டிரைவர் பக்கத்து வெளிக்கண்ணாடியில் கட்டினார். அதோடு நிற்கவில்லை. ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, 16 துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் தன் போன் நம்பரையும் வண்டி நம்பரையும் எழுதினார். படிக்கத் தெரியாத இரண்டு பேருக்கு, "தொலைஞ்சு போனா இதை போலீஸ்கிட்டக் காட்டுங்க, போதும்" என்று சொல்லி முந்தானையில் முடியச் சொன்னார்.

விடியும் முன் போய்ச் சேர்ந்தோம். ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து நடை. இருட்டில் முன்னாலும் பின்னாலும் செவ்வாடைதான். சிலர் "ஓம் சக்தி, பராசக்தி" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள், சிலர் ஒன்றும் சொல்லவில்லை. விசேஷ நாட்களில் அந்த ரோட்டில் எப்போதும் மேளமும் சிரிப்புமாக நடந்திருக்கிறேன். அன்றைக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தனை ஆயிரம் பேர் நடந்தும் செருப்புச் சத்தம் தனியாகக் கேட்டது.

வரிசையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். தண்ணீரும் மோரும் யார் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் சேலத்துக்காரர்கள், முன்னால் நின்றவர்கள் பேசிய தமிழில் பாதி கன்னடம். யார் அழுதாலும் பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்துக்கொண்டார், முன்பின் தெரியாதவராக இருந்தாலும். வெயில் ஏறியதும் ஆயா தள்ளாடினாள். என் தோளில் சாய்த்துக்கொண்டேன். "உக்காந்துக்கலாம் ஆயா" என்றால், "உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன், வுடு" என்றாள்.

முகத்தைப் பார்த்தது சில நொடிகள்தான். மாலைகளுக்கு நடுவே தெரிந்தது. கும்பிடுவதா, அழுவதா, பார்ப்பதா என்று தெரியவில்லை. என் கை மட்டும் தானாக நீண்டது, பால் ஊற்றப் போவதுபோல. நகரச் சொன்னார்கள், நகர்ந்தோம். ஆயா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முதலமைச்சர் ஸ்டாலின் வந்து அஞ்சலி செலுத்தினார் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அன்று மாலை அரசு மரியாதையோடு சித்தர் பீடத்திலேயே நல்லடக்கம். அது முடியாமல் கிளம்ப மாட்டோம் என்று ஆயா உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்கும் அதே மனசுதான். ஆனால் வண்டிக்காரரிடம் மதியம் கிளம்பிவிடலாம் என்று சொல்லியிருந்தோம். செயலாளர் அம்மா தயங்கித் தயங்கிப் போன் செய்தார். நெரிசலில் லைன் கிடைக்கவே இருபது நிமிடம் ஆனது. தம்பி சொன்னது இவ்வளவுதான்: "முடிச்சிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

கோயில் பக்கம் நெருங்க முடியாமல் தூரத்தில் நின்றோம். அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. முன்னாலிருந்து "ஓம் சக்தி" என்ற சத்தம் எழுந்து பின்னால் பரவி எங்களிடம் வந்தது. நாங்களும் சொன்னோம். அப்படியே எங்களைத் தாண்டிப் பின்னால் போனது. ரொம்ப நேரம் அந்த மாதிரியே போய்க்கொண்டிருந்தது.

திரும்பி வண்டியைத் தேடியபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக வெள்ளை வேன்கள், எல்லாம் ஒரே மாதிரி. சின்னப் பெண்தான் முதலில் கண்டாள், "அக்கா, பச்சை!" என்று கத்தினாள். கண்ணாடியில் கட்டிய துணி விளக்கு வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தோம், 16 பேரும் இருந்தோம். தம்பி எங்கிருந்தோ ஒரு கேன் வெந்நீர் வாங்கி வைத்திருந்தார். ஆயாவின் காலைக் கழுவச் சொல்லி முக்காலியைப் போட்டார். துக்க வீட்டிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவாமல் ஏறக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. அதற்காகவா, ஆயாவின் கால் வீக்கத்தைப் பார்த்தா என்று நான் கேட்கவில்லை.

வழியில் தூக்கம் வந்தபோது அவராகவே திண்டிவனம் தாண்டி ஓரம் கட்டி ஒரு மணி நேரம் தூங்கினார். "தூங்கிட்டு ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிய டிரைவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் போச்சம்பள்ளி வந்துவிட்டோம்.

கணக்கு: 430 கிலோமீட்டருக்கு 9,030, இரண்டு நாள் பேட்டா 1,200, டோலும் பார்க்கிங்கும் சேர்த்து 560. மொத்தம் 10,790. தலைக்கு 675 போட்டோம். மதியத்திலிருந்து இரவு வரை காத்திருந்ததற்குக் காசு கேட்கவில்லை. நாங்களாகக் கொடுத்த 500ஐயும் ஆயாவின் கையில் திணித்து, "மருந்து வாங்கிக்கோ ஆயா" என்று போய்விட்டார். மீதிப் பணத்தை ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தபோது கடையில் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று முறை இதே வண்டியில் போயிருக்கிறோம். ஜன்னலைச் சரி செய்துவிட்டார். கடைசி வரிசை அப்படியேதான் இருக்கிறது, அங்கே இளவட்டங்களை உட்கார வையுங்கள். ரேட் இப்போது கிலோமீட்டருக்கு 23. முன்பணம் அதே 3,000. ஆடிப்பூரத்துக்கு வந்தபோது கண்ணாடியில் அந்தப் பச்சைத் துணி வெளுத்துப்போய் நூல் நூலாகத் தொங்கியது, ஆனால் அவிழ்க்கவில்லை. நான் கத்தரியை எடுத்தேன். "இருக்கட்டும்க்கா" என்றார். பழையதை விட்டு அதன் மேலேயே புதிதாக ஒன்று கட்டினேன்.

புக் செய்பவர்கள் நான்கு நாளுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், முகூர்த்த நாள் என்றால் இன்னும் முன்னால். வயதானவர்கள் வந்தால் முக்காலியை எடுத்து வரச் சொல்லி நினைவுபடுத்துங்கள். சார்ஜரை நம்ப வேண்டாம். போன் நம்பரைத் தாளில் எழுதி முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். கையில் கட்டும் அடையாளத் துணி என் கடையில் எப்போதும் இருக்கும், காசு வேண்டாம், சிவப்பு தவிர எந்த நிறமும் தருகிறேன்.

எங்கள் மன்றம் தைப்பூசத்துக்கு முன்னால் வரும் சனிக்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறது. 17இல் மூன்று இடம் பாக்கி. ஆயா இந்த முறையும் வருகிறாள், முன் சீட் அவளுக்கு.